311–310: ஒரு ஓட்டில் கவிழ்ந்த அரசும் கொறடா அறையும்

1979 மார்ச் 28, புதன்கிழமை இரவு. லண்டனில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழ்ச் சபையான காமன்ஸ் சபையில் பிரதமர் ஜேம்ஸ் காலகனின் தொழிற்கட்சி அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வந்தது. தீர்மானத்துக்கு ஆதரவு 311, எதிர்ப்பு 310. நம்பிக்கை ஓட்டெடுப்பில் தோற்று ஒரு பிரிட்டிஷ் அரசு விழுந்தது 1924க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நமக்கு உடனே 1999 ஏப்ரல் 17 ஞாபகம் வரும். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று தோற்ற நாள். அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் 1979ஐ எடுத்துக்கொள்ளக் காரணம், கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சு சம்பந்தப்பட்டவர்கள் வாயாலேயே பின்னாளில் வெளியே வந்துவிட்டது என்பதுதான். கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து தலை எண்ணுகிற வேலையில் இருப்பவர்களுக்கு இதில் பார்க்க நிறைய இருக்கிறது.

கட்சித் தலைவர்கள் தவிர மற்றவர்களைப் பொறுப்பை வைத்தே குறிப்பிடுகிறேன். பெயர்கள் பதிவில் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். ஆனால் அந்த வேலையே வெளியில் பெயர் தெரியாமல் பார்க்கிற வேலை. அப்படியே இருக்கட்டும்.

பின்னணி

1974இல் மட்டும் பிரிட்டனில் இரண்டு பொதுத் தேர்தல்கள். பிப்ரவரியில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அக்டோபரில் மொத்தம் 635 இடங்களில் தொழிற்கட்சிக்கு 319. எதிரே இருப்பவர்கள் அத்தனை பேரையும் கூட்டினாலும் மூன்று இடம் கூடுதல். அவ்வளவுதான் கையிருப்பு.

மூன்று என்பது அரசியலில் ஒரு மாரடைப்பு, ஒரு கோபம், ஒரு இடைத்தேர்தல். 1976க்குள் அது கரைந்துவிட்டது. ஸ்காட்லாந்து உறுப்பினர் இருவர் பிரிந்து போய்த் தனிக் கட்சி தொடங்கினார்கள். இடைத்தேர்தல்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 1977 மார்ச்சில் லிபரல் கட்சியோடு ஒரு உடன்பாடு செய்துகொண்டு அரசு மூச்சு விட்டது. 1978இல் அதுவும் முடிந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் காலகன் தேர்தலுக்குப் போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். செப்டம்பரில் அவர் இல்லை என்றார். அடுத்து வந்தது வேலைநிறுத்தக் குளிர்காலம். குப்பை வாரவில்லை, லாரி ஓடவில்லை, சில இடங்களில் பிணம் புதைக்கவும் ஆள் இல்லை. என்னைக் கேட்டால் அரசின் கணக்கு தப்பத் தொடங்கியது அந்த செப்டம்பரில்தான் என்பேன். ஆனால் இந்த ஆய்வு இடைப்பட்ட ஆறு மாதங்களைத் தாண்டி மார்ச்சுக்குப் போகிறது.

கொறடா அறை

கொறடா என்றால் சாட்டை. நம் நாட்டில் 1985க்குப் பிறகு அந்தச் சாட்டைக்குச் சட்டத்தின் பலம் வந்துவிட்டது. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. வாரம் ஒருமுறை உறுப்பினருக்கு ஒரு தாள் வரும். எந்த ஓட்டெடுப்புக்கு ஒரு கோடு, எதற்கு இரண்டு, எதற்கு மூன்று என்று அடிக்கோடிட்டிருக்கும். மூன்று கோடு என்றால் எந்த வேலை இருந்தாலும் வந்தே ஆகவேண்டும். வராதவரை என்ன செய்யலாம் என்றால், பேசலாம், மிரட்டலாம், கெஞ்சலாம், அடுத்த தடவை வெளிநாட்டுப் பயணக் குழுவில் பெயர் சேர்க்காமல் விடலாம். மிஞ்சிப்போனால் கட்சிக் குழுவிலிருந்து விலக்கலாம். உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியாது. ஆகவே அங்கே கொறடா அறையின் முதலீடு என்பது ஆள் அறிவு. யாருக்கு என்ன நோய், யாருக்கு வீட்டில் என்ன சிக்கல், யார் எத்தனை மணி ரயிலில் வருகிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

ஆளும் கட்சியின் முதன்மைக் கொறடாவுக்கு அந்தக் காலத்தில் டவுனிங் தெரு 12ஆம் எண்ணில் இடம். அவருக்குத் தனிச் செயலாளராக ஓர் அரசு ஊழியர் உண்டு. எந்தக் கட்சி வந்தாலும் அவர் மாறமாட்டார். இரு தரப்புக்கும் நடுவே நடந்து நடந்து எந்த நாளில் எந்த விவாதம், எத்தனை மணிக்கு ஓட்டு என்று பேசி முடிப்பவர் அவர்தான். சபையில் இதற்கு ‘வழக்கமான வழிகள்’ என்று பெயர். மேடையில் ஒருவரை ஒருவர் கிழிக்கிற கட்சிகள் இந்த வழியில் தினமும் கைகுலுக்கிக்கொள்ளும்.

ஓட்டுப் போடும் முறையையும் சொல்லவேண்டும். பொத்தான் இல்லை. மணி அடிக்கும். உறுப்பினர்கள் எழுந்து ‘ஆம்’ பக்கத்து நடையிலோ ‘இல்லை’ பக்கத்து நடையிலோ நடந்து போகவேண்டும். அந்தக் காலத்தில் வாசலில் எழுத்தர்கள் பெயரைக் குறிப்பார்கள், இரு தரப்பிலிருந்தும் ஆள் நின்று தலை எண்ணுவார்கள். எட்டு நிமிடத்தில் கதவு சாத்திவிடுவார்கள்.

அப்படியானால் நடக்க முடியாதவர்? அதற்கு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, உடம்பு முடியாதவர் நாடாளுமன்ற வளாகத்துக்குள் வந்துவிட்டால் போதும். ஆம்புலன்ஸிலேயே படுத்திருக்கலாம். இரு தரப்புக் கொறடாக்களும் போய்ப் பார்த்து, ஆள் இருக்கிறார் என்று உறுதி செய்து, தலையசைத்தால் அந்த ஓட்டு கணக்கில் ஏறும். இரண்டாவது, ஜோடி போடுவது. என் ஆள் ஒருவர் வர முடியவில்லை, உன் ஆள் ஒருவரை ஓட்டுப் போடாமல் நிறுத்து, கணக்கு சமம். எழுத்து ஒப்பந்தம் எதுவும் கிடையாது. சபாநாயகர் இதில் தலையிடமாட்டார். வாய்ச்சொல்தான்.

தமிழில் வாக்கு என்றால் ஓட்டும்தான், கொடுத்த சொல்லும்தான். இந்த ஜோடி ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நமக்கு அந்த ஒரு சொல்லே போதும்.

1976 மே: சொல் உடைந்த இரவு

மார்ச் 28க்கு மூன்று வருடம் முந்தைய ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் போக முடியாது. விமானம், கப்பல் கட்டும் தொழில்களை நாட்டுடைமையாக்கும் மசோதா. 1976 மே 27 அன்று ஒரு ஓட்டெடுப்பு 303–303 என்று சமமானது. அடுத்ததில் அரசு 304–303 என்று வென்றது. அந்தக் கூடுதல் ஒன்று எங்கிருந்து வந்தது? ஜோடி போட்டிருந்த ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் சொல்லை மீறி ஓட்டுப் போட்டுவிட்டார் என்று எதிர்க்கட்சி கொதித்தது. தொழிற்கட்சிக்காரர்கள் சிலர் சபையிலேயே செங்கொடிப் பாட்டைப் பாட, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்வரிசைக்காரர் ஒருவர் மேசையிலிருந்த செங்கோலைத் தூக்கிவிட்டார். அது பத்திரிகைக்கு நல்ல செய்தி. கொறடாக்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம், எதிர்க்கட்சி ஜோடி போடுவதையே கொஞ்ச காலம் நிறுத்திவிட்டதுதான். அந்த நாட்களில் நோயாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. பிறகு ஏற்பாடு திரும்பியது. ஆனால் ஒருமுறை ஒட்டுப்போட்ட பானை அது.

1979 மார்ச் 1 முதல் 28 வரை

மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்தில் தனிச் சட்டமன்றத்துக்கான பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது ‘ஆம்’ என்று சொல்லியிருக்கவேண்டும் என்று ஒரு விதி. வந்தது 32.9. எனவே சட்டமன்றம் இல்லை. 11 உறுப்பினர்கள் வைத்திருந்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சி கோபத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தன் பெயரிலேயே ஒன்று கொடுத்தார். மார்ச் 28 என்று நாள் குறித்தார்கள்.

தேர்தல் வந்தால் முதலில் அடிபடப்போவதே ஸ்காட்லாந்து தேசியக் கட்சிதான் என்பது காலகனுக்குத் தெரியும். வான்கோழிகளே கிறிஸ்துமஸைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லி ஓட்டுப் போடுகின்றன என்று அவர் சபையில் கிண்டலடித்தார். ஆடு தன் கழுத்தை நீட்டிக்கொண்டு பூசாரியைத் தேடிப் போகிறது என்று நாம் சொல்வோம். கிண்டல் சரிதான், ஓட்டு வரவில்லை.

நடுவில் பதினைந்து பேர்

கொறடா அறையின் கணக்கைக் கடைசி முடிவிலிருந்து பின்னோக்கி எழுதினால் இப்படி வரும். தீர்மானத்துக்கு ஆதரவாக கன்சர்வேட்டிவ் 279, லிபரல் 13, ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 11. மொத்தம் 303. அரசுப் பக்கம் தொழிற்கட்சி 303, பிரிந்துபோன ஸ்காட்லாந்து தொழிற்கட்சிக்காரர் இருவர். மொத்தம் 305. நடுவில் பதினைந்து பேர்: வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரியின் மூவரும், வட அயர்லாந்தின் பன்னிரண்டு உறுப்பினர்களும்.

இந்தப் பதினைந்து பேருக்குத்தான் அந்த வாரம் முழுக்க ஓட்டம்.

வேல்ஸ்காரர்கள் மூவரின் விலை வெளிப்படையானது. அவர்கள் பகுதியில் ஸ்லேட் கல் குவாரிகளில் வேலை பார்த்து நுரையீரலில் தூசி படிந்து கிடப்பவர்களுக்கு நஷ்டஈடு. பல குவாரிகள் மூடிவிட்டன, வழக்குப் போட முதலாளியே இல்லை. அரசு சம்மதித்தது. மூன்று ஓட்டும் உறுதி. இதைப் பேரம் என்று சொல்லலாம், சரி, பேரம்தான். ஆனால் எந்த ஊரிலும் இப்படிப்பட்ட பேரத்துக்கு நான் முகம் சுளிக்கமாட்டேன்.

இனி அரசு 308. வட அயர்லாந்தின் பன்னிரண்டில் பத்துப் பேர் யூனியனிஸ்ட் தரப்பு, அதாவது பிரிட்டனோடு சேர்ந்தே இருக்கவேண்டும் என்பவர்கள். அவர்களில் இருவரை விலைவாசித் துறை அமைச்சர் தனியாகப் பிடித்து உட்காரவைத்துப் பேசினார். வட அயர்லாந்தில் விலை ஏன் அதிகம் என்று ஆராய ஒரு ஏற்பாடு செய்வதாக உறுதி கொடுத்தார். அந்த இருவரும் வந்தார்கள். அரசு 310.

மீதி எட்டுப் பேரில் சிலருக்கு வேறு ஒரு கோரிக்கை இருந்தது. பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குக் கடலடியில் எரிவாயுக் குழாய். செலவு பெரிது. அமைச்சர்கள் சிலர் கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். காலகன் மறுத்துவிட்டார். நாளுக்கு நாள் ஓட்டு வாங்கி அரசு நடத்தி அவருக்குச் சலித்துப்போயிருந்தது என்று அருகில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எட்டும் எதிரே போனது. 303 என்பது 311 ஆனது.

கடைசி இருவர் கத்தோலிக்கத் தரப்பு. இருவருமே பல தடவை தொழிற்கட்சி அரசைக் காப்பாற்றியவர்கள். ஒருவர் பெல்ஃபாஸ்ட் உறுப்பினர். யூனியனிஸ்ட்களைச் சமாதானப்படுத்த வட அயர்லாந்தின் இடங்களைப் பன்னிரண்டிலிருந்து பதினேழாக்க அரசு சம்மதித்ததும், போலீஸ் காவலில் கைதிகள் நடத்தப்பட்ட விதமும் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைய விவாதத்திலேயே எழுந்து, இந்த அரசுக்கு இனி என் ஓட்டு இல்லை என்று அறிவித்தார். மற்றவர் ஒரு மதுக்கடைக்காரர், எல்லைப்புறத் தொகுதி உறுப்பினர், சபைப் பக்கம் எப்போதாவதுதான் தலைகாட்டுவார். அன்று மனைவியோடு லண்டனுக்கு வந்தார். கொறடாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். நேரில் வந்து ஓட்டுப் போடாமல் இருக்கத்தான் வந்தேன் என்றார். அப்படியே செய்தார்.

யூனியனிஸ்ட்களுக்குக் கொடுத்த ஐந்து இடங்கள் அரசுக்கு இரண்டு ஓட்டுகூட வாங்கித்தரவில்லை. வந்த இருவரும் வேறு காரணத்துக்காக வந்தவர்கள். அந்த ஐந்து இடங்களால் ஒரு பழைய நண்பர் போய்விட்டார். ஒரு பக்கம் கொடுக்கும்போது மறுபக்கம் யார் கணக்கெழுதிக்கொள்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு முயற்சியையும் சொல்லவேண்டும். லிபரல் உறுப்பினர் ஒருவர் தகவல் வெளிப்படைத்தன்மைக்கான தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மறுநாள் நடக்கவிருந்த இடைத்தேர்தலுக்காக அவர் லிவர்பூலில் பிரசாரத்தில் இருந்தார். லண்டன் ரயிலைத் தவறவிட்டால் உங்கள் மசோதாவுக்கு வழி விடுகிறோம் என்று அரசுத் தரப்பிலிருந்து அவருக்குச் செய்தி போனது. அவர் ரயிலேறி வந்து எதிர்த்தே ஓட்டுப் போட்டார். கூவத்தூர் விடுதிப் பாணியில் ஆளைக் கொண்டுபோய் வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே ஆளை வராமல் இருக்கச் செய்யப் பார்த்தார்கள். மசோதா அந்த நாடாளுமன்றத்தோடு செத்தது.

பதினாறாவது ஆள்

310க்கு 311. அரசுக்கு இன்னும் ஓர் ஓட்டு இருந்தது. அது யார்க்‌ஷயரில் படுக்கையில் இருந்தது.

பேட்லி அண்டு மோர்லி தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். வயது 76. தொழிலால் மருத்துவர். லண்டனிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில், மிக மோசமான உடல்நிலையில் இருந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றி வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும், தலையசைத்து ஓட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வழியிலேயே இறந்துபோகலாம் என்று அவருடைய மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

கொண்டுவருவதா வேண்டாமா என்ற கேள்வி காலகன் வரை போனது. வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். ஓட்டுக்கு முன்னாலேயே, கணக்கு இவ்வளவு நெருக்கம் என்று தெரிந்தே எடுத்த முடிவு இது. எரிவாயுக் குழாய் விஷயத்தில் அவர் செய்தது சரியா தப்பா என்று பேசிக்கொண்டே இருக்கலாம். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

இரண்டு துணைக் கொறடாக்கள்

ஆம்புலன்ஸ் இல்லை என்றான பிறகு மிச்சம் இருந்தது ஜோடி. அதைக் கேட்கப் போனவர் அரசுத் தரப்பின் துணை முதன்மைக் கொறடா. வேக்ஃபீல்ட் தொகுதிக்காரர், எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்து மேலே வந்தவர், முரட்டு ஆள் என்று பெயர். ஐந்து வருடமாக அரசு நின்றதே அவருடைய எண்ணிக்கையால்தான் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும்.

எதிரே இருந்தவர் கன்சர்வேட்டிவ் துணை முதன்மைக் கொறடா. குடும்பத் தொழில் தையல். அவர் உறுப்பினராக வந்த புதிதில், என் தையல்காரனெல்லாம் இந்தச் சபைக்கு வந்துவிட்டானே என்று சக கட்சிக்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டது அவர் காதிலேயே விழுந்ததாம். கடைசி வரை சட்டைப்பையில் ஒரு விரல்கூடு வைத்திருந்தார். தையற்காரர்கள் ஊசி குத்தாமல் விரலில் மாட்டுவார்களே, அதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்திய ராணுவத்தில் இருந்தவர், வங்காளப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தபின் இறைச்சியை விட்டவர்.

இருவருக்கும் நடுவே முன்பே ஒரு பேச்சு இருந்தது. மிக மோசமான நோயாளி என்றால் அவருக்கு ஜோடி தரப்படும். அரசுக் கொறடா அதை நினைவுபடுத்தினார். எங்கள் ஆள் சாகக் கிடக்கிறார், ஒருவரைக் கொடு.

எதிர்க்கட்சிக் கொறடா சொன்ன பதில், அந்தப் பேச்சு சாதாரண ஓட்டெடுப்புகளுக்கு, அரசே போகிற ஓட்டுக்கு அல்ல. தவிரவும், இன்றிரவு ஓட்டுப் போடாமல் இரு என்று சொன்னால் கேட்கிற ஓர் ஆள்கூட என் கட்சியில் இல்லை. இதுவரை அவர் சொன்னது நியாயமான பதில். அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

கொஞ்சம் பொறுத்து, ஆனால் நான் சொல் கொடுத்திருக்கிறேன், எனவே நானே ஓட்டுப் போடாமல் இருந்துவிடுகிறேன் என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்பது இருவருக்கும் தெரியும். கட்சி ஐந்து வருடம் காத்திருந்த இரவில் கட்சியின் துணைக் கொறடாவே ஒதுங்கி நின்று அரசைக் காப்பாற்றிவிட்டார் என்றால், அவருடைய அரசியல் வாழ்க்கை அன்றோடு சரி. 310–310 ஆகியிருக்கும். சமம் வந்தால் சபாநாயகர் இருக்கும் நிலையை மாற்றாத பக்கமே ஓட்டளிப்பது மரபு. தீர்மானம் தோற்றிருக்கும்.

அரசுக் கொறடா அவரைப் பார்த்தார். வேண்டாம், உங்களைச் சொல்லிலிருந்து விடுவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த உரையாடல் அன்று யாருக்கும் தெரியாது. வருடங்கள் கழித்து அவர்கள் சொல்லித்தான் வெளியே வந்தது. அந்த ஒரு நிமிடத்தில் அரசுக் கொறடாவுக்கு மூன்றாவது வழி இருந்ததா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தலைமைக்குத் தெரிவித்து, இப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அரசே அதில் தொங்கிக்கொண்டிருந்தபோது அந்த முடிவை எடுக்க ஒரு துணைக் கொறடாவுக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 1976ஐ ஞாபகம் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு முறை உடைத்த தரப்பின் ஆள் அவர். மறுநாளும் அதே நடையில் அதே மனிதரைச் சந்தித்து வேலை பார்க்கவேண்டியவர்.

இரவு பத்து மணி

அன்று உணவகப் பணியாளர்கள் வேலைநிறுத்தம். சபை முழுக்க ஆள், குடிக்க ஒரு டீ கிடையாது. மந்திரி சபையின் முன்வரிசைக்காரர் ஒருவர் நகைச்சுவையோடு அரசுத் தரப்புக்காக விவாதத்தை முடித்துவைத்தார். பத்து மணிக்கு மணி அடித்தது.

நடந்து முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எண்ணிக்கை இன்னும் வரவில்லை. அரசுத் தரப்புக் கொறடா ஒருவர் உள்ளே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தொழிற்கட்சி வரிசைகள் ஆர்ப்பரித்தன. எதிர் வரிசையில் முகங்கள் தொங்கின. சில நிமிடங்களில் கன்சர்வேட்டிவ் தரப்பில் எண்ணப் போயிருந்த உயரமான ஒருவர் கதவருகே வந்து ஒரு விரலைத் தூக்கினார். ஒன்று.

அறிவிப்பு வந்தபோது மணி பத்தேகால் தாண்டியிருந்தது. காலகன் எழுந்து, நாட்டு மக்களிடம் போகிறோம் என்றார்.

பிறகு நடந்தது

மறுநாள், மார்ச் 29, லிவர்பூல் எட்ஜ் ஹில் இடைத்தேர்தல். தொழிற்கட்சி உறுப்பினர் இறந்து காலியான இடம், லிபரல்கள் பிடித்தார்கள்.

ஏப்ரல் 2 அன்று யார்க்‌ஷயர் நோயாளி இறந்தார். ஓட்டெடுப்பு முடிந்து ஐந்து நாள்.

ஏப்ரல் 4 அன்று, நாடாளுமன்றம் கலைவதற்கு முன், குவாரித் தொழிலாளர் நஷ்டஈட்டு மசோதா சட்டமானது. தோற்ற அரசு கொடுத்த சொல்லை நிறைவேற்றிவிட்டுப் போனது.

மே 3 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 339 இடங்கள், 43 இடப் பெரும்பான்மை. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 11லிருந்து 2. தாட்சர் பதினோரு வருடத்துக்கு மேல் பிரதமராக இருந்தார். விரல்கூட்டுக்காரர் 1983இல் சபாநாயகரானார்.

எங்கே தவறியது

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் நோயாளியில் போய் நிற்பார்கள். ஒரு ஓட்டு வித்தியாசம், வராத ஓட்டு ஒன்று, கணக்கு சரி. எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு ஓட்டில் தோற்றால் அந்த ஒன்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

மார்ச் 28 அன்று தொழிற்கட்சியின் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. ஒன்று மேலே சொன்ன எட்ஜ் ஹில். அதன் உறுப்பினர் 1978 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். மற்றொருவர் டெர்பிஷயர் உறுப்பினர், மார்ச் தொடக்கத்தில் கார் விபத்தில் போனார். இரண்டாவதற்கு யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. முதலாவதற்கு மூன்று மாதம் இருந்தது. எப்போது இடைத்தேர்தல் என்பதை அந்த இடத்தை வைத்திருந்த கட்சியின் கொறடாக்கள்தான் நகர்த்துவார்கள். தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் தள்ளிப்போட்டிருக்கலாம். நடத்தியிருந்தாலும் தோற்றுத்தான் இருப்பார்கள், அப்போது எதிர்ப்பக்கம் 312 ஆகியிருக்கும். எனவே இதில் லாபமில்லை, ஆனால் காலி நாற்காலியும் ஒரு எண்தான் என்பதை அந்த அறை மறந்திருக்க முடியாது.

உண்மையான ஓட்டை என்று நான் நினைப்பது பெல்ஃபாஸ்ட்காரரும் மதுக்கடைக்காரரும். அந்த இருவரும் வந்திருந்தால் 312–311. நோயாளி, ஜோடி, குழாய் எதுவும் தேவைப்பட்டிருக்காது. உறுதியான நண்பர்கள் என்று கணக்கெடுத்துவிட்டு அவர்கள் மனம் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அலைபாய்கிறவனைத்தான் துரத்தினார்கள். தலை எண்ணுகிற வேலையில் இது எல்லா ஊரிலும் நடக்கிறது.

பின்னால் என்ன மாறியது

உடனே எதுவும் மாறவில்லை. ஜோடியும் தலையசைப்பும் இன்னும் நாற்பது வருடம் வாய்ச்சொல்லாகவே ஓடின. 2018 ஜூனில் நோயாளிப் பெண் உறுப்பினர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் ஓட்டு நடைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வரவேண்டியிருந்தது. தலையசைப்பு மறுக்கப்பட்டது. அடுத்த மாதம், மகப்பேறு விடுப்பிலிருந்த ஓர் உறுப்பினரோடு ஜோடி போட்டிருந்த, ஆளும் கட்சியின் அமைப்புத் தலைவர் (பிரதமர் அல்ல) முக்கியமான இரண்டு ஓட்டெடுப்புகளில் ஓட்டுப் போட்டுவிட்டார். தவறுதலாக நடந்தது என்றார்கள். 2019 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி உறுப்பினர் அறுவைப் பிரசவத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் வந்தார். ஜோடியை நம்பமுடியாது என்பதுதான் காரணம்.

அதே மாத இறுதியில் பதிலி ஓட்டு நடைமுறைக்கு வந்தது. குழந்தை பெற்றவர்களுக்காக ஆரம்பித்து, 2022இல் நீண்ட நாள் நோயாளிகளுக்கும் சோதனையாக நீட்டித்தார்கள். வர முடியாதவர் வேறொரு உறுப்பினரிடம் தன் ஓட்டைக் கொடுக்கலாம். எழுத்தில், சபாநாயகரின் கையொப்பத்தோடு.

இந்த ஏற்பாடு 1979இல் இருந்திருந்தால் அந்த மருத்துவர் படுக்கையில் இருந்தபடியே ஓட்டளித்திருப்பார். 311–311. அதற்குப் பிறகு முடிவு சபாநாயகர் நாற்காலிக்குப் போயிருக்கும். அதில் அன்று இருந்தவர், தொழிற்கட்சியிலிருந்து வந்த ஒரு வேல்ஸ்காரர்.